மூன்று பேருக்கு ஒரு கறுப்புக் கோட்டு

அத்தியாயம் 6

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களை அத்தை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். உள்ளே வந்ததும் அழுகிறவர்கள் ஒரு வகை. அழாமல் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டுகிறவர்கள் இன்னொரு வகை. அன்று காலை மழையோடு மழையாக வந்த பெண் இரண்டிலும் சேரவில்லை. அவள் உட்கார்ந்து பத்திரிகை படித்தாள்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. மற்ற மருமகன்களுக்கெல்லாம் மாமியார் வீட்டில் விருந்து கிடைக்கும், எனக்கு வேலை கிடைத்தது. பூட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேஜை, ஒழுகுகிற ஜன்னல், இதுதான் எங்கள் சாம்ராஜ்யம். காரோட்டுவதும் கதவு தட்டுவதும் காபி போடுவதும் என் பொறுப்பு. அத்தை யோசிக்கும்போது அறையில் சத்தம் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று பேசிக்கொண்டிருப்பதும் நான்தான். மருமகன் என்பதால் அவரால் என்னை வா, போ என்று சொல்ல முடியாது. "மாப்பிள்ளை, கொஞ்சம் வாயை மூடிக்கிறீங்களா?" என்று மரியாதையாகத்தான் திட்டுவார். மரியாதையோடு திட்டு வாங்குவதில் இருக்கிற கஷ்டம் வாங்கினவனுக்குத்தான் தெரியும்.

அத்தை போனில் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பெண் காத்திருக்க வேண்டியிருந்தது. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பத்திரிகையை உருவினாள். எங்களுக்கு முன்னால் இந்த அறையில் இருந்த பல் டாக்டர் விட்டுப்போன பழைய பத்திரிகைகள் அவை. அவள் எடுத்தது ஈறு வீக்கச் சிறப்பிதழ். காபி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். பக்கத்தைப் புரட்டாமல் ஒரே பக்கத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈறில் இவ்வளவு ருசி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நானும் படித்திருப்பேன். அத்தை போனை வைத்ததும் பத்திரிகையை அலமாரியில் ஒழுங்காகச் செருகிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் அலுவலகத்தில் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்த முதல் ஆள் அவள்தான்.

பாஸ்போர்ட் காணாமல் போய்விட்டது என்றாள்.

விஷயம் இதுதான். மழை எங்கே பெய்கிறது, எங்கே போகிறது என்பதைப் பற்றி, ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் படித்தவள் அவள். மாணவர் விசா இன்றோடு முடிகிறது. படிப்பு முடிந்த பிறகு இங்கேயே தங்கி வேலை தேட ஒரு விசா உண்டு. அதற்கு, பழைய விசா உயிரோடு இருக்கும்போதே நேரில் போய், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கைரேகை வைக்க வேண்டும். இன்று மாலை நாலு மணிக்கு அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் இன்று இரவுக்குள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வேறு வழியே இல்லையா என்று அத்தை கேட்டார். அந்த விஷயத்தில் அவள் புலி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் போலிருந்தது. ஏதாவது ஒரு கம்பெனி தன் பெயரில் இவளைக் கூப்பிட வேண்டும், அல்லது மறுபடியும் ஒரு படிப்பில் சேர வேண்டும், அல்லது யாருக்கும் தோன்றாத ஒரு தொழிலைத் தொடங்குவதாக அரசாங்கத்தை நம்ப வைக்க வேண்டும். இதெல்லாம் மாதக் கணக்கில் இழுக்கும். "இல்லன்னா இங்கயே இருக்க உரிமை உள்ள யாரையாவது கல்யாணம் பண்ணிக்கணும்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் உடனே கல்யாணமானவன் என்பதற்குச் சாட்சியாக அத்தையைக் கை காட்டினேன்.

பாஸ்போர்ட் கடைசியாக எங்கே இருந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் வீட்டில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. இன்டர்வியூ இருக்கிறவள் போட்டுக்கொண்டு போவாள், வந்ததும் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவாள். போன வாரம் அவளுக்கு ஒரு இன்டர்வியூ. அடையாளத்துக்காகப் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோனவள், அதைக் கோட்டின் உள்பையில் வைத்து அப்படியே மறந்துவிட்டாள். இப்போது ஆணியில் கோட்டும் இல்லை.

போலீசில் சொன்னாளா என்று கேட்டதற்கு, அதற்கெல்லாம் நேரமில்லை என்றாள். பட்டமளிப்புக்காக வந்து தங்கியிருக்கும் அம்மாதான் எங்கள் போர்டைப் பார்த்துவிட்டு இங்கே போகச் சொன்னாராம். தான் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் படியிறங்கினாள்.

குடை மூலையிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் அவள் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடப் போனேன்.

"விடுங்க மாப்பிள்ளை. அது இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

"நனையறா அத்தை."

"தெரியுது. வண்டியை எடுங்க."

காரில் போகும்போது, மழையைப் பற்றியே இரண்டு வருஷம் படித்தவள் இப்போதுதான் செய்முறைப் பயிற்சிக்குப் போகிறாள் போலிருக்கிறது என்றேன். அத்தை சிரிக்கவில்லை. என் நல்ல ஜோக்குகளுக்கு அவர் சிரிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருக்கிறார்.

அந்த வீட்டுக் கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. வீட்டுக்குள் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. சமையல் டப்பாக்கள் எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன, தலையணைகள் உறையை இழந்து பரிதாபமாக இருந்தன. காலையிலிருந்து தேடுகிறேன், மகளின் கைப்பையை மட்டும் மூன்று தடவை கொட்டிப் பார்த்துவிட்டேன் என்றார் அந்த அம்மா. துப்பறிகிறவர்களுக்கு அங்கே மிச்சம் வைத்திருந்தது சுவர்களை மட்டும்தான்.

எனக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. அம்மாவேதான். இன்று இரவு அவருக்கு ஊருக்கு விமானம். பெற்ற பெண்ணை இவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டுப் போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? எடுத்து ஒளித்துவிட்டால் மகளும் கூடவே வந்துவிடுவாள். தேடுகிற சாக்கில் வீட்டைத் தலைகீழாக்கினால் சந்தேகமும் வராது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, அத்தை காதருகே போய் இதைச் சொன்னேன். பெட்டியைப் பாருங்கள் என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

கட்டிலுக்கடியில் அம்மாவின் பெட்டிகள் இரண்டு இருந்தன. சின்னதை இழுத்ததில் என் முதுகு பிடித்துக்கொண்டது. பெரியதும் அப்படித்தான் இருக்கும் என்று முழு பலத்தோடு இழுத்தேன். அது பஞ்சு மாதிரி வந்தது, நான் பின்னால் போய் அலமாரியில் மோதிக்கொண்டேன். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்களுக்குச் சாமான் வாங்கிப் போகலாம் என்று கொண்டுவந்தேன், எங்கே கடைக்குப் போக முடிந்தது என்றார் அந்த அம்மா. சின்னப் பெட்டியில் புடவைகளும் மருந்தும்தான். பாஸ்போர்ட் என்று இருந்தது அவருடையது மட்டுமே. என் முதல் குற்றவாளி அங்கேயே விடுதலை ஆகிவிட்டார்.

அத்தை அந்தப் பெண்ணின் மேஜையைப் பார்த்தார். தூசிக்கு நடுவே வட்டமாக ஓர் இடம் சுத்தமாக இருந்தது. அலமாரியில் அவளுடைய பாதியில் நாலே நாலு உடுப்புகள் தொங்கின. என் மனைவி இந்த அலமாரியை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றேன். அதைச் சொன்னது அவளுடைய அம்மாவிடம் என்பது பிறகுதான் உறைத்தது.

மகள் இங்கேயே இருப்பதில் உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று அத்தை கேட்டார்.

"அவங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார், பொண்ணு அங்கயே செட்டில் ஆகப்போறான்னு" என்றார் அந்த அம்மா, ஏற்கெனவே மடித்திருந்த துண்டை மறுபடியும் மடித்துக்கொண்டே. "அவளுக்குச் சந்தோஷம்னா எங்களுக்கும் சந்தோஷம்தான். போலீஸ்ல கூட எழுதிக் குடுத்துட்டு வந்தா, பாவம். அவங்க கையை விரிச்சுட்டாங்களாம்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போலீசுக்குப் போக நேரமில்லை என்று எங்களிடம் சொன்னவள், போய்வந்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா மனசு நோகக் கூடாது என்று சொல்கிற பொய்கள் ஆயிரம். இதுவும் அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கோட்டு யாரிடம் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். வீட்டில் 'கணக்கு' என்று கூப்பிடுகிற பெண் இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள். கணக்கியல் படித்தவள், அதனால் அந்தப் பெயர்.

கணக்கை ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிடித்தோம். இன்டர்வியூவை முடித்துவிட்டு, செயற்கைச் செடி ஒன்றின் நிழலில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோட்டு அவள் மேல் இல்லை. இன்டர்வியூ முடிந்ததுமே வாசல் பஸ் நிறுத்தத்தில் கழற்றி, வீட்டிலிருக்கும் மூன்றாவது பெண்ணிடம் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பெண்ணுக்கு இன்று பதிவுத் திருமணம்.

பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கணக்கு நிறையப் பேசினாள். கம்பெனிக்காரர்கள் சிரித்துச் சிரித்துப் பேசினார்களாம், விசாவுக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்களாம். கிடைக்காவிட்டால் ஹோட்டல் நிர்வாகம் படிக்கச் சேர்வதாக இருக்கிறாள். ஏற்கெனவே ஒரு ஹோட்டலில் பகுதி நேரமாகப் பாத்திரம் கழுவுகிறாள், அதையே பட்டமாக வாங்கிவிடலாமே என்றாள். பாஸ்போர்ட் தொலைந்த விஷயம் கேட்டு நிஜமாகவே கலங்கிப்போனாள்.

"ரொம்ப நல்லவ ஆன்ட்டி அவ. இந்தச் சோறு கூட அவ குக்கர்ல வச்சதுதான். போன வாரம் எனக்கே எடுத்துக்கன்னு குடுத்துட்டா. டேபிள் லாம்ப்பும்."

கோட்டின் பையில் ஏதாவது இருந்ததா என்று அத்தை கேட்டார். வெளிப்பையில் ஒரு மிட்டாய் இருந்ததாம், நல்ல சகுனம் என்று அதைத் தொடவில்லையாம். உள்பையைப் பார்க்கவே இல்லை என்றாள். எனக்குக் கால் நிற்கவில்லை. அப்படியானால் பாஸ்போர்ட் இன்னும் உள்பையில் இருக்கிறது, கல்யாணப் பெண்ணோடு பதிவு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அத்தையைக் காரில் ஏற்றிய வேகத்தில் அவருடைய கைப்பை கதவில் மாட்டிக்கொண்டது. அதற்கும் மரியாதையாகத் திட்டினார்.

பதிவு அலுவலகத்தின் நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கல்யாணப் பெண் பட்டுப் புடவைக்கு மேலே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, இந்த நாட்டிலேயே வளர்ந்தவன், இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட் திருடன் கையும் களவுமாகச் சிக்கினான் என்று நான் முன்னேறியபோது அத்தை என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

விசா முடிகிற நேரத்தில் காதல் எப்படிப் பழுத்தது என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று அந்தப் பெண் குறைப்பட்டாள். மூன்று வருஷமாகக் காதலிக்கிறார்களாம். அதிகாரி நம்ப வேண்டுமே என்று சேர்ந்து எடுத்த போட்டோக்களைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். அதில் பாதியில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையான காதல்தான் என்று நான் சான்றிதழ் கொடுத்தேன்.

தோழியின் பாஸ்போர்ட் என்றதும் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். வெளிப்பையில் மிட்டாய், ஒரு கொண்டை ஊசி, பஸ் டிக்கெட். அத்தை கோட்டைப் பிரித்து உள்பக்கத்தைப் பார்த்தார். மார்புக்கு நேரே அழகாக ஒரு மடிப்புத் தெரிந்தது. அதில் விரலை விட்டார். விரல் போகவில்லை. நான் விட்டுப் பார்த்தேன், எனக்கும் போகவில்லை. அது பையே இல்லை. பை மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத் துணியை மடித்து நெடுகத் தைத்திருந்தார்கள். அந்தக் கோட்டில் உள்பை என்று ஒன்று பிறந்ததிலிருந்தே இல்லை.

"பொம்பளைங்க கோட்டுல பை பேருக்குத்தான் இருக்கும்" என்றார் அத்தை. "தைக்கிறவனுக்கு நம்மகிட்ட வைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைப்பு."

கல்யாணப் பெண்ணின் பெயரை உள்ளே கூப்பிட்டார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தவள், திரும்பி வந்து, எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று தோழி தனக்குக் கல்யாணப் பரிசு கொடுத்தாள், தான் போர்த்திக்கொண்டிருந்த கனமான போர்வையையே மடித்துக் கொடுத்துவிட்டாள், அப்படிப்பட்டவளுக்கா இப்படி நடக்க வேண்டும் என்று கண்கலங்கினாள். அத்தை வாழ்த்தி அனுப்பினார்.

காருக்குள் உட்கார்ந்ததும் நான் சாவியைப் போடவில்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, பாஸ்போர்ட் தொலைஞ்சா மனுஷங்க முதல்ல எங்க போவாங்க?"

"போலீசுக்கு."

"அவங்க குடுக்கிற சீட்டைக் காட்டினா விசா ஆபீஸ்ல வேற நாள் தருவாங்க. எனக்கே தெரியும். அத்தனை வழியையும் மனப்பாடமா ஒப்பிக்கிற பொண்ணுக்குத் தெரியாதா? ஆனா அவ எங்க வந்தா?"

"நம்மகிட்ட" என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் அவமானமாக இருந்தது. எங்களிடம் வந்தால் கிடைக்காது என்ற நம்பிக்கையில் ஒருத்தி வந்திருக்கிறாள்.

அத்தை விரலை மடக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் கோட்டின் உள்பையில் எதையாவது வைக்கப் போனவளுக்கு, அப்படி ஒரு பையே இல்லை என்று உடனே தெரிந்திருக்கும். அப்படியானால் இவள் பாஸ்போர்ட்டை அதில் வைக்கவே இல்லை, போன வாரம் இன்டர்வியூவுக்கும் போயிருக்க மாட்டாள். குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் போர்த்துகிற போர்வையைக் கொடுத்துவிட்டாள், சோறு வைக்கிற குக்கரைக் கொடுத்துவிட்டாள், மேஜை விளக்கையும் கொடுத்துவிட்டாள். இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும்போது செய்கிற காரியம் இது. இருக்கப் போகிறவள் எவளும் செய்ய மாட்டாள்.

"அப்ப பாஸ்போர்ட்?"

"அவங்கம்மா வீட்டைப் பேத்து எடுத்துட்டாங்க, பையை மூணு தடவை கொட்டிட்டாங்க. வீட்டுல வைக்க முடியாது, கூடவும் வச்சுக்க முடியாது. வேற ஒரு இடத்துல வச்சுட்டா. அங்க திரும்பி வர்றதுக்கு ஒரு சாக்கும் வச்சுட்டுப் போயிருக்கா. வண்டியை எடுங்க."

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. மழை நாளில் யாராவது குடையை மறப்பார்களா?

நாங்கள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது மூன்று மணி ஆகவில்லை. அத்தை போன் செய்து அந்த அம்மாவை வரச் சொன்னார். பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டே வந்துவிடுங்கள், பெரியதை மறந்துவிடாதீர்கள் என்றார். அலமாரிப் பக்கம் போய்விட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காபி போட்டேன். குடித்து முடிப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

தலை முழுக்க நனைந்திருந்தாள். குடையை விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்றாள். எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை. கண்டுபிடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று அத்தை தலையாட்டியபோது அவள் முகத்தில் வந்தது வருத்தமா நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மழை விடுகிற வரை உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். பத்திரிகைகளை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தாள்.

"பல்லுக்கு என்னம்மா பிரச்சினை?" என்றார் அத்தை.

ஈறு வீக்கச் சிறப்பிதழ் அத்தையின் மடியில் இருந்தது. நடுப்பக்கத்தைத் திறந்தார். வாய் பிளந்த ஒரு பெரிய படத்தின் மேல் பாஸ்போர்ட் சௌகரியமாகப் படுத்திருந்தது. நாள் முழுக்க நாங்கள் ஊரைச் சுற்றியிருக்கிறோம், அது எங்கள் அறையிலேயே மழைக்கு ஒதுங்கியிருக்கிறது.

"தேடுறவங்க ஆபீஸ்ல யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள் அவள், நாற்காலியில் உட்கார்ந்து. கைப்பிடியைச் சுரண்டத் தொடங்கினாள்.

மழை சாக்கில் நாலு மணி தாண்டும்வரை இங்கேயே உட்கார்ந்திருந்து, அதை எடுத்துக்கொண்டு போய், எங்கேயோ கிடைத்தது, ஆனால் நேரம் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்வதாகத் திட்டம். இன்று இரவு விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கூடப் பார்த்து வைத்திருந்தாள். விசா செத்துப்போவதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடலாம், எந்தக் கறையும் இல்லை. திட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

"ஏம்மா, போகணும்னா போறேன்னு சொல்லிட்டுப் போலாமே?"

"எப்படி ஆன்ட்டி சொல்றது? அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். அம்மா இவ்வளவு தூரம் வந்து, எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படறாங்க. வேணாம்னு வந்தா தோத்துட்டு வந்த மாதிரி. தொலைஞ்சு போச்சுன்னா யார் மேலயும் தப்பில்ல." கைப்பிடியை மறுபடி சுரண்டினாள். "இங்க ஒவ்வொரு விசாவும் முடியறப்ப, அடுத்து என்னன்னு மறுபடி முதல்லேருந்து ஓட வேண்டியிருக்கு. இனிமே திரும்பிப் போகவே முடியாதுன்னு நினைச்சா பயமா இருக்கு."

அப்போதுதான் வாசலில் நிழல் தெரிந்தது. அவளுடைய அம்மா பெட்டிகளோடு படியேறி வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, மூச்சு வாங்கவில்லை என்பதால் கொஞ்ச நேரமாகவே இருக்க வேண்டும். மகள் எழுந்து நின்றாள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

முதலில் திட்டு விழுந்தது. காலையிலிருந்து கவிழ்த்த டப்பாக்கள், கழற்றிய தலையணை உறைகள், வேண்டிக்கொண்ட தெய்வங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு பெரிய பெட்டியை அத்தையின் மேஜை மேல் தூக்கி வைத்துத் திறந்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத பெட்டியை எதுக்கு அத்தனை தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்தேன்னு ஒரு தடவையாவது கேட்டியாடி?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். வந்த அன்றே அம்மா அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாராம், வந்துவிடு என்று சொன்னால் மகளின் வாழ்க்கையைக் கெடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று. அவளாக ஒரு வார்த்தை சொல்வாளா என்று வாயைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழித்திருக்கிறார். ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றியிருக்கிறார்கள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், வா, போகலாம் என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்கும் கண்ணில் என்னமோ பண்ணியது, ஒழுகுகிற ஜன்னலைப் போய்ப் பார்த்தேன்.

அத்தை பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நாலு மணிக்கு அங்க போயிட்டு வந்துடட்டுமா?"

அந்த அம்மா துடைத்த கண்ணை மறுபடியும் துடைத்தார்.

"இப்பத்தானே வரேன்னு அழுத?"

"வரலாம்னு தெரிஞ்சா போதும்னு தோணுது. வேலை தேடித்தான் பாக்கறேனே. முடியலன்னா வந்துடறேன். அப்பாகிட்ட ஒளிக்காம சொல்லிட்டு வரேன்."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பெட்டியை நிரப்பிக்கொண்டு போகலாம் என்ற ஆசை அவருக்குச் சரியாக ரெண்டு நிமிஷம்தான் நிலைத்தது. அவர் பெட்டியை மூடினார், ஜிப்பை முழுக்க இழுத்தார், மேஜையிலிருந்து இறக்கி மகளின் காலடியில் வைத்தார்.

"இது இங்கயே உன்கிட்ட இருக்கட்டும். எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா. அன்னைக்கு வந்து பெட்டி இல்லன்னு சாக்குச் சொல்லக் கூடாது."

அத்தை எழுந்து கைப்பையை எடுத்தார். அவர் மூக்கை உறிஞ்சிய சத்தத்தை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நேரம் கொஞ்சம்தான் இருந்தது. எல்லோரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் இங்கேயே இருந்தால் குக்கர், விளக்கு, போர்வை எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நீங்கதான் போய் வாங்கிட்டு வரணும் மாப்பிள்ளை."

"அத்தை, குக்கரைக் கேட்டுடலாம். இன்னைக்குக் கல்யாணம் ஆனவங்க வீட்டுக் கதவைத் தட்டி, போர்வையைத் திருப்பிக் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது?"

"வாய்தான் இருக்கே உங்களுக்கு" என்றார் அத்தை. பின் சீட்டில் தாயும் மகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். என் ஜோக்குக்கு அந்த வண்டியில் யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை.

விசா அலுவலக வாசலில் வண்டி நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட்டை நனையாமல் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறி ஓடினாள். கண்ணாடிக் கதவு அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

"குடை எங்க?" என்றார் அந்த அம்மா.

அத்தை என்னைப் பார்த்தார். நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். குடை எங்கள் அலுவலகத்து நாற்காலியில்தான் இருந்தது. இந்தத் தடவை அவள் நிஜமாகவே மறந்துவிட்டிருந்தாள்.